நிலையக்காரர் நிபால்டோவின் வாக்கு

நிபால்டோ ஒயார்சுன் தீயணைப்புத் தொண்டர்கள் அணியும் தன் சிவப்புக் கோட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்த அன்று மூன்றாம் அணிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதில் வருத்தப்பட ஏதாவது இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. அவர் வேலை பார்த்த மர ஆலையை மூடிவிட்டார்கள். மனைவி ஓத்திலியா பிள்ளைத்தாய்ச்சி. தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்தோடு நிலையத்தின் பின்பக்கம் இரண்டு அறையும், நல்ல விறகடுப்பும், ஒழுகாத தகரக் கூரையும் கிடைக்கும் என்றார்கள். மழை விடாத புவெர்த்தோ கில்மோவில் ஒழுகாத கூரை சாதாரண விஷயம் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. சம்பளம் வாங்குகிறவர் தொண்டராக இருக்க முடியாது.

எங்கள் ஊரில் தீயை அணைக்கிறவர்கள் எல்லோருமே தொண்டர்கள்தான். ரொட்டி சுடுகிறவர், வாத்தியார், படகோட்டி, வங்கிக் குமாஸ்தா என்று யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இதற்குக் கூலி கிடையாது. அது மட்டுமா, மாதச் சந்தாவும் அவர்களே கட்டவேண்டும். இத்தனைக்கும் பதிலாக அவர்களுக்கு இருப்பது ஒரே உரிமை: தீயின் முன்னால் யாருடைய சொல்லைக் கேட்டு நடக்கவேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும், மாதா திருநாள் விடுமுறையன்று, அணிக்காரர்கள் மாடிக் கூடத்தில் உட்கார்ந்து கேப்டனையும் லெப்டினன்ட்களையும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நிலையக்காரருக்கு, அதாவது அங்கேயே குடியிருந்து வண்டி ஓட்டும் சம்பளக்காரருக்கு, அந்தக் கூடத்தில் நாற்காலி கிடையாது.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் நிபால்டோ மனைவியிடம். "வேற வேலை கெடச்சதும் மறுபடியும் கோட்டைப் போட்டுக்குவேன்."

வேறு வேலை கிடைக்கவில்லை. அல்லது கிடைத்தபோது அவர் போகவில்லை. மகள் அந்தப் பின்கட்டிலேயே தவழ்ந்து, நடந்து, படித்து, கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். நிபால்டோவின் மீசை நரைத்துவிட்டது. அவர் ஓட்டிய பழைய வண்டியைச் சிறுவர் பூங்காவில் நிறுத்தி வைத்து, புதியது ஒன்று வந்து, அதுவும் பழையதாகிவிட்டது.

வாக்குப் போடும் நாளில் அவருக்குக் கீழே வேலை. தேர்தல் நடக்கிறது என்பதற்காகத் தீ காத்திருக்காது என்பதால், வண்டியின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கும். யாரோ இருமுவார்கள். ஒரு நீண்ட அமைதி வரும். பிறகு கைதட்டல். கொஞ்ச நேரத்தில் புதிய கேப்டன் படியிறங்கி வந்து அவர் தோளில் தட்டி, "நிபா, இனிமே என் பேச்சதான் கேக்கணும், தெரியுமில்ல?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நிபால்டோவும் சிரிப்பார்.

அன்று சாயங்காலம் ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் சிரிப்பு மாறும்.

"மேல எதுக்கு ஓட்டுப் போடறாங்கன்னு நெனைக்கிற?" என்பார் ஓத்திலியாவிடம். "போன மாசம் எவன் நல்லாக் கறி சுட்டுப் போட்டானோ அவனுக்குப் போடறாங்க. எவன் கூடச் சேர்ந்து பந்து ஆடுனாங்களோ அவனுக்கு. நெருப்புக்கு முன்னாடி அவன் எப்படி நிப்பான்னு ஒருத்தனாவது நெனைச்சுப் பாக்கறானா? எனக்கு மட்டும் ஒரு ஓட்டு இருந்தா..."

"இருந்தா நீயும் கறிக்குத்தான் போடுவ, கிழவா. வெண்ணெய இந்தப் பக்கம் தள்ளு."

"நானா?"

"நீதான். கறின்னா உனக்குக் கொஞ்சமா ஆசை?"

வருடா வருடம் இந்தப் பேச்சு நடந்தது. ஓத்திலியா இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். நிபால்டோ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு வாக்கு இருந்தால் அதை எப்படிப் போடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. முகம் பார்க்காமல், நட்புப் பார்க்காமல், வேலையை மட்டும் பார்த்துப் போடுவார். அப்படித்தான் அவர் தன்னைப் பற்றி நினைத்திருந்தார்.

மூன்றாம் அணியில் அப்போது அடுத்த கேப்டன் என்று இரண்டு பேர் பெயர் அடிபட ஆரம்பித்திருந்தது. ஒருவர் ரோடோல்ஃபோ க்ராம், ஆணி முதல் தகரம் வரை விற்கும் பெரிய கடைக்காரர். உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார், தீக்குள் முதல் ஆளாக நுழைவார். இன்னொருவர் எடித் மன்சிலா, மீன் ஆலையில் மேற்பார்வையாளர். முதல் லெப்டினன்ட் என்பதால் வண்டியில் நிபால்டோவுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் பெரும்பாலும் சிலுவைக் குன்றைப் பற்றித்தான் பேசுவாள்.

சிலுவைக் குன்று முழுக்க மர வீடுகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பவை. தெருக்குழாய் அங்கே கிடையாது. வண்டி பாதி ஏற்றத்துக்கு மேல் ஏறாது. ஆற்றங்கரையில் சின்னப் பம்பை வைத்து, நடுவழியில் இன்னொரு பம்பை வைத்து, குழாய்களைக் கோர்த்துத் தண்ணீரை மேலே தள்ளவேண்டும். அதை முன்கூட்டியே பழகவேண்டும் என்பாள் எடித். சனிக்கிழமைதோறும், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு. ஒவ்வொரு கேப்டனும் "நல்ல யோசனை" என்பார்கள். சனிக்கிழமை மழை பெய்யும், இல்லாவிட்டால் கால்பந்து இருக்கும்.

"நான் கேப்டனானா மொத சனிக்கிழமையே ஆத்தங்கரைல நிப்போம், டோன் நிபா" என்பாள், எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு 'டோன்' போட்டு. "மழை பேஞ்சாலும்."

"மழையில நெருப்புப் பிடிக்காதா என்ன?" என்பார் அவர். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு தேவைப்படாது.

அந்த வருடம் குளிர்காலப் பேரவையில் ரோடோல்ஃபோ க்ராம் திடீரென்று எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிலையக்காரருக்கும் வாக்குரிமை கொடுக்கவேண்டும் என்பதுதான் அது.

நிபால்டோவைப் பற்றிய விஷயம் என்பதால் அவரைக் கூப்பிட்டுக் கதவருகே நிறுத்தினார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கடை எரிஞ்சப்போ இந்த மனுசன் அந்தச் சந்துக்குள்ள வண்டிய எப்படிக் கொண்டுவந்தாருன்னு எனக்கு இன்னிக்கும் புரியல" என்றார் க்ராம். "வண்டி பளபளன்னு இருக்கா இல்லையான்னு நாம பேசறோம். வண்டிய ஓட்டறவன் நம்ம ஆளா இல்லையான்னு பேசறதே இல்ல. நாம வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் இங்க இருக்கோம். இவரு இங்கயே குடியிருக்காரு. இவருக்கு ஓட்டு இல்லைன்னா வேற யாருக்கு இருக்கணும்?"

முன்வரிசையிலிருந்து எவால்டோ ஷ்வென்கே எழுந்தார். அணியிலேயே மூத்தவர். மார்பில் பதக்கங்கள். நிபால்டோ மீது அவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. கதவுப் பக்கம் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் பேசினார்.

"நிபால்டோ நல்ல மனுசன். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. நான் கேக்கறது வேற. நமக்குக் கேப்டன் என்ன கொடுக்க முடியும்? ஒண்ணும் முடியாது. அதனால நாம பயப்படாம எழுதறோம். இவரோட அடுப்பு, கூரை, வேலை எல்லாம் கேப்டன் கையில இருக்கு. எவன் தனக்கு நல்லது செஞ்சானோ அவன் பேரத்தான் இவரு எழுதுவாரு. எழுதித்தான் ஆகணும். அப்படி ஒரு கஷ்டத்துல ஒரு நல்ல மனுசன நாம ஏன் தள்ளணும்?"

"டோன் எவால்டோ, நீங்க மட்டும் போன வருசம் உங்க மருமகன் பேர எழுதலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது.

"அது ரகசியம்" என்றார் எவால்டோ. சிரிப்பு இன்னும் பெரிதானது.

பேரவைத் தலைவர் நிபால்டோவைப் பார்த்து, ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார். தொப்பியைச் சுழற்றிக்கொண்டே அவர் சொன்னது இதுதான்: "டோன் எவால்டோ சொன்ன மாதிரி ஆள் நான் இல்லீங்க."

தீர்மானம் நிறைவேறியது. க்ராம் கீழே வந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சமையலறைக்குள் போய், ஓத்திலியா கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளோடு நாலு அடி ஆடினார். நிபால்டோ அன்றிரவு அழுதார் என்று ஓத்திலியா பிற்பாடு பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

டிசம்பர் வந்தது. கேப்டன் பதவிக்கு க்ராமும் எடித்தும் நின்றார்கள்.

எங்கள் அணிகளில் யாரும் எனக்குப் போடு என்று கேட்கமாட்டார்கள். கேட்பது கேவலம். அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. நிற்கிறவர் தன் பெயரைத் தானே எழுதமாட்டார், எதிரில் நிற்பவர் பெயரை எழுதுவார். இது சட்டத்தில் இல்லை. ஆனால் மீறியவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிபால்டோ மீசையை ஒழுங்குபடுத்தி, மகள் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே வண்டிக்குக் காவலாக ஒரு படகோட்டித் தொண்டரை நிறுத்தியிருந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது எழுந்து, மூலையில் திரைக்குப் பின்னால் இருந்த மேசைக்குப் போனார். ஒரு பென்சில், ஒரு துண்டுத் தாள்.

எழுதவேண்டிய பெயர் அவருக்குத் தெரியும். படியேறி வரும்போதே தெரியும். ஆற்றங்கரை, பம்பு, சனிக்கிழமை எல்லாம் அந்தப் பெயரில் இருந்தன. பென்சிலை எடுத்தார். திரைக்கு அந்தப் பக்கம் க்ராம் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கை நின்றுவிட்டது.

இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் தனக்காக எழுந்து நின்றவன் ஒருவன்தான். எடித்கூட எழுந்து நிற்கவில்லை. ஆதரித்துக் கை தூக்கினாள், அவ்வளவுதான். அவன் வாங்கிக் கொடுத்த வாக்கை அவனுக்கே எதிராகப் போட்டால் தான் என்ன மனிதன்? அவனோடு எப்படி முகம் கொடுத்துப் பேசுவது? எடித் எப்படியும் ஜெயித்துவிடுவாள், எல்லோரும் அவள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர் தாளால் என்ன ஆகிவிடப் போகிறது? க்ராமுக்கும் கொஞ்சம் மரியாதையான எண்ணிக்கை கிடைத்துவிட்டுப் போகட்டும்.

'க்ராம்' என்று எழுதினார். மடித்துப் பெட்டியில் போட்டார்.

க்ராம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தாள்களை மறுபடி எண்ணினார்கள். அதே கணக்குதான். எடித் எழுந்து போய் க்ராமின் கையைக் குலுக்கினாள். கைதட்டல் எழுந்தது. இத்தனை காலம் கீழேயிருந்தே கேட்ட அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நிபால்டோ நின்றுகொண்டிருந்தார். அவரும் கைதட்டினார்.

க்ராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"என்ன நிபா, ஓட்டு வாங்கிக் கொடுத்தவனுக்கே வேட்டு வச்சிட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "உன் லெப்டினன்ட் அம்மாவுக்குத்தான் போட்டிருப்ப, எனக்குத் தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிபால்டோ வாயைத் திறந்தார். வாக்கு ரகசியம். சொல்லக்கூடாது. சொன்னாலும் யார் நம்புவார்கள்? வேறு வழி தெரியாமல் அவரும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை எல்லோரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

"பரவால்ல விடு" என்றார் க்ராம், தோளில் தட்டி. "பயப்படாம போட்டியே, அதுக்குத்தானே ஓட்டு." சொன்னது உண்மையான மனதோடுதான். அதுதான் நிபால்டோவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் எடித் வண்டிக்கு எண்ணெய் பார்க்க வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பக்கத்துல உக்காந்து இத்தன வருசம் பாத்தவரு எனக்குப் போட்டீங்களே டோன் நிபா, அது போதும் எனக்கு. மத்தவங்க யாரு போட்டா என்ன, போடாட்டி என்ன."

வண்டியின் கண்ணாடியில் இல்லாத அழுக்கை நிபால்டோ துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, எவால்டோ ஷ்வென்கே தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் வந்து நின்றார்.

"உங்களப் பத்தி நான் பேசினது தப்பு" என்றார். "நல்லது செஞ்சவன் பேரத்தான் எழுதுவீங்கன்னு சொன்னேன். நீங்க அப்படி எழுதலன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். என்ன மன்னிச்சுடுங்க, டோன் நிபால்டோ."

அதுவரை அவரை 'டோன்' போட்டு எவால்டோ கூப்பிட்டதில்லை. அந்தப் பெரியவரின் கை குளிர்ந்து இருந்தது. நிபால்டோ அதைக் குலுக்கினார். "அதெல்லாம் எதுக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரை ஓத்திலியா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஊரே உன்னப் புகழுது, உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"க்ராமுக்கா போட்ட?"

அவள் தேநீரை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, பேச்சை அதோடு விட்டுவிட்டாள். அவள் கேலி செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

க்ராம் மோசமான கேப்டன் இல்லை. அதையும் சொல்லவேண்டும். புதிய தலைக்கவசங்கள் வாங்கினார். ஆண்டுவிழாவைப் பெரிதாக நடத்தினார். நிலையத்தின் பின்கட்டில் பழுதான குழாயைத் தன் கடையிலிருந்தே ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். சிலுவைக் குன்றுப் பயிற்சியைப் பற்றி எடித் கேட்டபோது, "கோடை முடியட்டும், ஆளுங்க விடுமுறையில இருக்காங்க" என்றார். எங்கள் ஊரில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் கோடை; அது நியாயமாகத்தான் பட்டது.

பிப்ரவரியில், மழையே இல்லாமல் போன ஒரு வாரத்தில், நடுப்பகலில் சங்கு ஊதியது. சிலுவைக் குன்றின் உச்சி வரிசையில் தீ. காற்று ஆற்றுப் பக்கமிருந்து மேல் நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

நிபால்டோ வண்டியை ஏற்றத்தில் எவ்வளவு தூரம் ஏற்ற முடியுமோ அவ்வளவு தூரம் ஏற்றினார். தொட்டித் தண்ணீர் சீக்கிரமே தீர்ந்தது. ஆற்றிலிருந்து தண்ணீர் வரவேண்டும். எடித் கீழே ஓடினாள். ஒரு பம்பு ஓடியது. நடுவழியில் வைத்த பம்பை ரொட்டிக்காரரும் வங்கிக் குமாஸ்தாவும் மாட்டினார்கள், கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். அதற்கு முன் அவர்கள் அதைத் தொட்டது எப்போதோ ஒரு முறை. ஒருவர் வால்வைத் திறந்தபோது இன்னொருவர் மூடினார். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். மேலே குழாயைப் பிடித்து நின்றவர்களின் கையில் குழாய் சுருங்கித் தொங்கியது.

க்ராம் எரிகிற வீட்டுக்குள் போய் நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்து வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது. அதற்காக ஊர் அவரைக் கொண்டாடியது, கொண்டாடவேண்டியதுதான். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் அந்த வரிசை வீடுகள் முழுவதும் போய்விட்டன. நோல்ஃபா என்ற பெண், துணி தைத்துப் பிழைப்பவள், தன் வீட்டின் மேல் கெட்டிலில் இருந்த தண்ணீரை வீசினாள். அதற்கு மேல் அவளிடம் தண்ணீர் இல்லை. கெட்டிலைக் கையில் பிடித்தபடியே தன் தையல் இயந்திரம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிபால்டோ வண்டியிலிருந்து இறங்கமுடியாது, எஞ்சினை விட்டு நகரக்கூடாது. கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி செய்திருந்தால் அந்த வீடுகள் தப்பியிருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. காற்று அப்படி அடித்தது. ஆனால் நிபால்டோ அதை வேறு மாதிரி எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்தப் பென்சிலிலிருந்து நோல்ஃபாவின் கெட்டில் வரைக்கும் அவருக்கு ஒரே கோடுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் குழாய்களை விரித்துப்போட்டுச் சேறு போகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். எடித்தும் நிபால்டோவும் மட்டும் இருந்தார்கள்.

"நான் உங்களுக்குப் போடல" என்றார் அவர்.

எடித்துக்கு முதலில் புரியவில்லை. "எத?"

"ஓட்ட. டிசம்பர்ல. உங்களுக்குப் போடல. அவருக்குப் போட்டேன்."

அவள் கையிலிருந்த தூரிகை நின்றது. ஆற்றைப் பார்த்தாள். ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது வளைவில் திரும்பியது.

"நானும் அவருக்குத்தான் போட்டேன்" என்றாள் கடைசியில். "என் பேர நானே எழுத முடியாதில்ல. எனக்குப் பழக்கம் தடுத்துச்சு. உங்கள எது தடுத்துச்சு, டோன் நிபா?"

"அவருதானே எனக்காக எந்திரிச்சு நின்னாரு. வேற யாரு நின்னா?"

"அதுக்கு அவருக்கு ஒரு ஜாடி ஆப்பிள் கள்ளு வாங்கிக் கொடுத்திருக்கலாமே" என்றாள் எடித். குரலில் கோபம் இல்லை. "ஞாயித்துக்கிழம கூப்பிட்டு ஓத்திலியாம்மா கையால சோறு போட்டிருக்கலாம். மேல இருந்தவங்க எல்லாருமே அவரு கூட்டாளிங்கதான். கூட்டாளிங்க ஓட்டு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். உங்க ஓட்டு வேற மாதிரின்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், என்னப் பத்தி."

"டோன் எவால்டோகிட்ட சொல்லப் போறீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா ஓட்ட எடுத்துடுவாங்க."

"எடுத்துடுவாங்க" என்றாள் எடித். "உங்களுக்கப்புறம் வர்ற ஓட்டுநருக்கும் கெடைக்காது. சொல்லாதீங்க. நானும் சொல்லமாட்டேன்." பிறகு, தூரிகையை மறுபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "ஆனா என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

மீதிக் குழாய்களை இருவருமாகச் சுருட்டினார்கள்.

குளிர்காலத்தில் எடித் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஐந்தாம் அணிக்கு மாறிக்கொண்டாள். மீன் ஆலைக்குப் பக்கம், சங்கு ஊதினால் சீக்கிரம் போய்விடலாம் என்று காரணம் சொன்னாள். அதில் பொய் இல்லை. விடைபெறும்போது எல்லோரையும் கட்டிக்கொண்டாள். நிபால்டோவிடம் கை கொடுத்தாள். அவர் பக்கத்து இருக்கையில் இப்போது ஒரு இளைஞன் உட்காருகிறான். நன்றாகப் பாடுவான். நிறையப் பேசுவான். நிபால்டோ "ம்" கொட்டிக்கொண்டு ஓட்டுவார்.

சிலுவைக் குன்றுப் பயிற்சியை க்ராம் வசந்தகாலத்தில் தொடங்கிவிட்டார். தீக்குப் பிறகு அவருக்கே உறைத்திருந்தது. சனிக்கிழமைகளில் ஆற்றங்கரையில் அணிக்காரர்கள் நனைந்துகொண்டே பம்புகளை மாட்டிக் கழற்றினார்கள். நோல்ஃபா அதற்குள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். எரிந்த வரிசையில் இன்னும் கரித்தூண்கள்தான் நின்றன.

அடுத்த டிசம்பரில் க்ராமை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வாக்குப் பெட்டி வெறும் சடங்குக்காகத்தான். நிபால்டோ அதே சட்டையோடு திரைக்குப் பின்னால் போனார். இந்த முறை கை நிற்கவில்லை. எழுதி, மடித்து, போட்டுவிட்டு நாற்காலிக்கு வந்தார்.

தலைவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உரக்க வாசித்தார். க்ராம். க்ராம். க்ராம். சலிப்போடு வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எடித் மன்சிலா" என்று வாசித்தார்.

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ, "எந்தப் புண்ணியவானோ இன்னும் தூங்கிட்டிருக்கான்!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. க்ராமும் சிரித்தார்.

"அவங்க இப்ப ஐந்தாம் அணி" என்றார் தலைவர். "செல்லாது." அந்தத் தாளை மட்டும் தனியாக மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார்.

முன்வரிசையில் எவால்டோ ஷ்வென்கே மெதுவாகத் திரும்பி, நாற்காலிகளுக்கு மேலாக நிபால்டோவைத் தேடிக் கண்டுபிடித்தார். யாருடைய தாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜெயிக்காதவளுக்கு, போய்விட்டவளுக்கு, இன்னும் உண்மையாக இருக்கிற மனிதன். மார்பில் கைவைத்து, மரியாதையோடு தலையைத் தாழ்த்தினார்.

நிபால்டோவால் அந்த வணக்கத்தைத் திருப்பித் தரமுடியவில்லை. மேசையின் ஓரத்தில் இருந்த தாளைப் பார்த்தார். ஒரு வருடம் தாமதமாக, சரியாக எழுதப்பட்டு, அது அங்கே கிடந்தது. கைதட்டல் தொடங்குவதற்கு முன்பே எழுந்து, வண்டியைப் பார்க்கவேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.